பட்டியலில் வராத தெரு

குடிநீர் வாரியத்தில் அவனுடைய பெயர் யாருக்கும் தேவைப்பட்டதில்லை. "கம்ப்யூட்டரைக் கூப்பிடு" என்றால் அவன் எழுந்து போவான். பிரிண்டரில் காகிதம் சிக்கினாலும் கம்ப்யூட்டர், தலைவரின் மகளுக்குப் பள்ளியில் ஒட்டுப்படம் கேட்டாலும் கம்ப்யூட்டர், மின்விசிறி கிரீச்சிட்டாலும் கம்ப்யூட்டர். மின்விசிறிக்கும் தனக்கும் சம்பந்தமில்லை என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தான். அதுவும் கரண்டில்தானே ஓடுகிறது என்று பதில் வந்ததும் ஸ்டூலைத் தேடிப் போய்விட்டான். எதிர்த்துப் பேசும் சாமர்த்தியம் எல்லாம் அவன் குடும்பத்தில் அக்காவுக்கே செலவாகிவிட்டது. அவன் பங்குக்கு மிஞ்சியது தலையாட்டுவது.

வாரியத்துக்கு ஓர் இணையதளம் உண்டு. தலைவரின் படம், தலைவரின் செய்தி, தலைவர் குழாயைத் திறக்கும் படம், திறந்த குழாயில் தண்ணீர் வந்ததைப் பார்த்து அவரே ஆச்சரியப்படும் படம் எல்லாம் அதில் இருந்தன. ஜனங்கள் அவற்றின் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. அவர்கள் பார்த்தது ஒரே ஓர் இடத்தை. ஆய்வகத்தில் தெருத்தெருவாகத் தண்ணீர் எடுத்துச் சோதித்து, அறிக்கைகளை ஒரு கோப்புறையில் போட்டு வைப்பார்கள். மற்றப் பிரிவுகளின் சுற்றறிக்கைகளும் அதிலேயேதான் கிடக்கும். அந்தக் கோப்புறைக்கென்று ஒரு பக்கம் செய்ய யாருக்கும் தோன்றவில்லை. அப்படி விட்டால் சர்வர் தானே உள்ளே என்னென்ன கிடக்கிறது என்று பார்த்து ஒரு பட்டியல் போட்டுக் காட்டிவிடும். வெள்ளைப் பின்னணியில் நீல எழுத்து. கோப்பின் பெயர், தேதி, அளவு. புதியது மேலே, பழையது கீழே.

ஆய்வகத்து அம்மாவுக்கு ஒரு வழக்கம் இருந்தது. அறிக்கைக்குள் இருக்கும் ரசாயனப் பெயர்களைப் படித்து யாருக்கு என்ன புரியப்போகிறது என்று, கோப்பின் பெயரிலேயே தீர்ப்பைச் சொல்லிவிடுவார். 'மில் தெரு - குடிக்கலாம்'. 'ஸ்டேஷன் தெரு - குடிக்கக் கூடாது'. அதனால் யாரும் எந்தக் கோப்பையும் திறந்ததில்லை. பட்டியலைத் திறந்து தன் தெரு எங்கே இருக்கிறது என்று பார்த்தால் போதும், காலை வேலை முடிந்தது.

மில் தெருவில் தையல் கடை வைத்திருந்த அவனுடைய அக்காவும் அப்படித்தான். அவளுக்கு இந்தப் பட்டியலைக் காட்டிக் கொடுத்ததே அவன். மாமாவுக்குக் கப்பலில் வேலை, வருஷத்தில் பாதி கடலில். கடையையும் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்த மகளையும் ஒற்றை ஆளாகச் சமாளித்துக்கொண்டிருந்தவளுக்குத் தினமும் தண்ணீர் கொதிக்கவைத்து ஆறவைக்க நேரம் ஏது? காலையில் போனைப் பார்ப்பாள். கூடாது என்று வந்தால் அடுப்பைப் பற்றவைப்பாள், குடிக்கலாம் என்று வந்தால் அப்படியே பாட்டிலில் பிடித்து மகளுக்குக் கொடுத்தனுப்புவாள். இந்த உலகத்தில் அவள் முழுசாக நம்பியது தன் கத்திரிக்கோலையும் தம்பி காட்டிக் கொடுத்த அந்தப் பட்டியலையும்தான்.

எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோது வெளியூர் வாரியங்களின் பெரிய மனிதர்கள் சிலர் பார்வையிட வந்தார்கள். தலைவர் தன் படங்களை எல்லாம் பெரிய திரையில் காட்டிக்கொண்டு வந்தவர், கை தவறி அந்தப் பட்டியலைத் திறந்துவிட்டார். திரை முழுக்க வெள்ளை வெளேர் என்று ஆனது. வந்தவர்களில் ஒருவர் மிகவும் மரியாதையாக, "இன்னும் கட்டி முடிக்கலையா?" என்று கேட்டார். தலைவர் முகத்தில் ஈயாடவில்லை.

அன்று சாயங்காலமே கம்ப்யூட்டரைக் கூப்பிட்டார்கள்.

"இத ஊரே பாக்குதாமே. வாரியம் துணி இல்லாம வாசல்ல நிக்கிற மாதிரி இருக்கு. எனக்குக் கூசுது" என்றார் தலைவர்.

அவன் தலையைச் சொறிந்தபடி, இது சர்வர் தானாகப் போடுவது, வேண்டுமானால் எதை எப்படிக் காட்டுவது என்று சர்வருக்குச் சொல்லும் ஓர் அமைப்புக் கோப்பு எழுதித் தோற்றத்தை மாற்றலாம், தலைப்பு வைக்கலாம், பெயருக்குப் பக்கத்தில் சின்னப் படங்கள் போடலாம் என்று விளக்கினான். அரைமணி நேர வேலை என்றும் சொல்லித் தொலைத்தான். அரைமணியில் முடிகிற வேலைக்குக் கமிட்டி போட முடியாது என்பதால் அது யார் காதிலும் விழவில்லை. மறுநாள் 'கோப்புப் பட்டியல் தோற்ற மேம்பாட்டுக் குழு' உதயமானது. தலைவர், சட்ட அதிகாரி, கணக்கு அதிகாரி, மக்கள் தொடர்பு அதிகாரி, அப்புறம் பிஸ்கட் தட்டுக்கு அந்தப் பக்கம் அவன்.

முதல் கூட்டத்தில் பட்டியலை மேலிருந்து கீழாக ஆராய்ந்தார்கள். உச்சியில் 'மேல் கோப்புறைக்குச் செல்' என்று ஒரு வரி இருந்தது. தலைவர் அதிலேயே நின்றுவிட்டார். வாரியத்தில் தனக்கு மேல் யாரும் இல்லாதபோது இது யாரிடம் போகச் சொல்கிறது என்று கேட்டார். அது வெறும் வழி என்று அவன் சொன்னான். வழியாக இருந்தாலும் தன்னைக் கேட்காமல் மேலே போவது முறையல்ல என்று முடிவாகி, அந்த வரி இருந்த இடத்தில் தலைவரின் படம் வந்தது. பட்டியலின் அடியில் சர்வர் தன் பெயரைத் தானே ஒரு வரியில் போட்டுக்கொள்ளும். இத்தனை அறிக்கைக்கும் கீழே கையெழுத்துப் போட்டிருக்கும் இந்த ஆசாமிக்கு அந்த அதிகாரம் யார் கொடுத்தது என்று சட்ட அதிகாரி கண்ணாடியைக் கழற்றிக் கேட்டார். அந்த ஆசாமியை எடுத்துவிட்டுக் குழு உறுப்பினர்களின் பெயர்களைப் போட்டார்கள்.

தலைப்புக்குத் தலைவர் ஒரு செய்தி எழுதிக் கொடுத்தார். தண்ணீர் ஈரமானது, உயிர்களுக்கு இன்றியமையாதது, வாரியத்துக்கு மிகவும் வேண்டியது என்று தொடங்கி அது பாய்ந்துகொண்டே போனது. போனில் பார்ப்பவர்கள் கட்டைவிரல் தேய நகர்த்தினால்தான் பட்டியல் கண்ணில் படும். கோப்பின் பெயருக்கு முன்னால் ஒரு நீர்த்துளிப் படம் போடலாம் என்று அவன் சொன்னபோது கமிட்டிக்கு உயிர் வந்தது. துளி அழுகிற மாதிரி இருக்கிறது என்றார் கணக்கு அதிகாரி. அதற்கு ஒரு வாய் வரைந்து சிரிக்க வைத்தார்கள். பல் தெரியச் சிரிக்கலாமா, உதட்டோடு நிறுத்திக்கொள்வதா என்பதற்கு மட்டும் தனியாக இரண்டு கூட்டம் நடந்தது.

தேதி இருக்கும் பத்தியைக் கணக்கு அதிகாரி பார்த்ததும் பதறிப்போனார். எந்த அறிக்கை எத்தனை நாள் தாமதமாக வந்தது என்று ஊருக்கே தெரிந்துவிடுமே என்றார். தேதி போயிற்று. அளவுப் பத்தி மட்டும் இருந்தது. அதில் தன் பிரிவின் கோப்பு எல்லாவற்றையும் விடச் சின்னதாக இருப்பதைக் கண்ட மக்கள் தொடர்பு அதிகாரி இரவெல்லாம் தூங்கவில்லையாம். மறுநாள் அதே சுற்றறிக்கையைப் பல தடவை ஒட்டிப் பெருக்கிவிட்டு வந்தார். மற்றவர்களும் சும்மா இருப்பார்களா? சர்வரில் இடம் நிரம்பி, கம்ப்யூட்டரைக் கூப்பிட்டுத் திட்டினார்கள்.

இதுவரை அவன் மனசு உறுத்தவில்லை. பைத்தியக்காரத்தனம்தான், ஆனால் யாருக்கும் கெடுதல் இல்லை என்று நினைத்துக்கொண்டு பிஸ்கட் தின்றான். கடைசிக் கூட்டத்தில்தான் தலைவர், அழகு பண்ணி முடித்த பட்டியலைத் திரையில் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"எல்லாம் நல்லா இருக்கு. நடுநடுவுல 'கூடாது கூடாது'ன்னு வருதே, அதுதான் கண்ண உறுத்துது. சொட்டு சிரிக்குது, பக்கத்துல 'குடிக்கக் கூடாது'ங்குது."

ஒருவேளை தண்ணீரைச் சரிசெய்யச் சொல்லப் போகிறார் என்று கம்ப்யூட்டர் நினைத்தான். அவன் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இந்த மாதிரி நினைப்பதுண்டு, அன்று எப்படியோ பழைய ஞாபகம் வந்துவிட்டது.

"நான் எதையும் மறைக்கச் சொல்லல" என்றார் தலைவர். "மறைக்கறது பெரிய தப்பு. அறிக்கை அங்கயேதான் இருக்கப் போகுது. யாருக்கு வேணுமோ அவங்க அந்தக் கோப்போட பேர எழுத்துப் பிசகாம அடிச்சா வந்துடும். பட்டியல்ல மட்டும் வராது. வீட்டுக்கு ஆள் வந்தா குப்பைத் தொட்டிய கூடத்துலயா வைக்கறோம்? அதுக்காக வீட்டுல குப்பையே இல்லன்னு யாராவது சொல்றோமா?"

சட்ட அதிகாரி அதைப் பலமாக ஆமோதித்தார். "சட்டப்படி இதுக்குப் பேரு வெளிப்படைத்தன்மை சார். வெளிப்படையா ஓர் இடத்துல இருக்கணும்னுதான் சட்டம் சொல்லுது. அது எந்த இடம்னு சொல்லணும்னு எங்கயும் இல்ல."

எல்லோரும் கம்ப்யூட்டரைப் பார்த்தார்கள். முடியுமா என்று கேட்டார்கள். முடியாது என்று சொல்லியிருக்கலாம். அதைச் சரிபார்க்கிற அறிவு அந்த அறையில் ஒருவருக்கும் கிடையாது. ஜனங்கள் அதைப் பார்த்துத்தான் தண்ணீர் குடிக்கிறார்கள் சார் என்று சொல்லியிருக்கலாம். அவன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "பேர்ல 'கூடாது' எங்க வந்தாலும் விட்டுடணுமா சார், கடைசில வந்தா மட்டுமா?" என்று கேட்டான்.

"பரவாயில்லயே, இதையெல்லாம் யோசிக்கிறானே" என்றார் தலைவர். "எங்க வந்தாலும்."

அமைப்புக் கோப்பில் ஒரு வரி. அதை அடித்துவிட்டுப் பட்டியலைத் திறந்து பார்த்தான். எங்கும் குடிக்கலாம், குடிக்கலாம் என்று துளிகள் சிரித்தன. எந்தத் தெருவின் புதிய அறிக்கையில் 'கூடாது' இருந்ததோ அந்தத் தெருவுக்கு, முன்பு எப்போதோ போட்ட பழைய 'குடிக்கலாம்' மட்டும் நின்றது. தேதிதான் இல்லையே, பழையது எது புதியது எது என்று யார் கண்டார்கள்? அதே கோப்புறையில் கிடந்த 'அலுவலகத்தில் லஞ்சம் வாங்கக் கூடாது' என்ற சுற்றறிக்கையும் 'தாமதமாக வரக் கூடாது' என்பதும் அந்த வரியோடு சேர்ந்து மறைந்தன. அவற்றைக் காணோம் என்று இன்றுவரை ஒருவரும் கேட்கவில்லை.

தெரு அறிக்கைகளைக் காணோம் என்று கேட்டது ஆய்வகத்து அம்மா ஒருத்தர்தான். கையுறையைக்கூடக் கழற்றாமல் மாடியேறி வந்து, ஸ்டேஷன் தெரு எங்கே என்றார். உள்ளே இருக்கிறது என்றான் அவன். எங்கே உள்ளே என்றார். பட்டியலில் வராது, ஆனால் இருக்கிறது என்று மென்று விழுங்கினான். அவர் அவனைப் பார்த்த பார்வையில் அவனுக்குக் காது சூடேறியது. மறுநாள் அவர் கோப்புக்கு 'குடிக்காதீர்கள்' என்று பெயரை மாற்றிப் போட்டார். ஒருநாள் முழுக்க அது பட்டியலில் நின்றது. கமிட்டி அவசரமாகக் கூடி அந்தச் சொல்லையும் சேர்க்கச் சொன்னது, அவன் இரண்டாவது வரியை அடித்தான். பிறகு அவர் 'அறிக்கைகளை மறைக்கக் கூடாது' என்று ஒரு மனு எழுதினார். மனுக்களை எல்லாரும் பார்க்கும்படி அதே கோப்புறையில் போடுவது விதி. போட்டார்கள். அது பட்டியலில் வரவில்லை.

அந்த வார விடுமுறையில் அக்கா வீட்டுக்குப் போனான். அக்கா ஒரு பாவாடைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். காலை மெஷினிலிருந்து எடுக்காமலே பேசினாள்.

"இப்பதான்டா உங்க ஆபீஸ் உருப்பட்டிருக்கு. அந்தச் சிரிக்கற சொட்டு நீ போட்டதா? குட்டி தெனமும் அதப் பாத்துட்டுத்தான் ஸ்கூலுக்கே போறா. ஒரு தெரு பாக்கியில்லாம குடிக்கலாம்னு வருது, பாத்தியா?"

சொல்லிவிட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தான். அக்காவிடம் சொன்னால் தெருவிடம் சொன்ன மாதிரி. தெரு குடத்தைத் தூக்கிக்கொண்டு வாரியத்துக்கு வரும். யார் சொன்னது என்று தேடுவார்கள், வேலை போகும். அது ஒரு காரணம். அக்கா அவனைப் பாராட்டி எவ்வளவோ காலம் ஆகியிருந்தது, அதுவும் ஒரு காரணம், அதை அவன் தனக்கேகூடச் சொல்லிக்கொள்ளவில்லை. மில் தெருக் குழாய் புதிது, அங்கே ஒன்றும் வராது என்று சமாதானம் பண்ணிக்கொண்டான். தான் தினமும் உள்ளே போய்ப் பார்ப்பது, மில் தெரு வந்தால் அக்காவுக்கு மட்டும் ஒரு போன் போட்டுவிடுவது என்று முடிவு செய்தான். மற்றத் தெருக்களில் யாருடைய அக்காவும் இல்லை என்பது போல அந்த முடிவு அவனுக்கு நிம்மதியைக் கொடுத்தது. "குட்டிதான் வாய் வரையச் சொன்னா" என்று சிரித்துக்கொண்டே ஒரு பொய்யும் சொன்னான். குழந்தை ஓடிவந்து அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டது.

சொன்னபடி தினமும் பார்க்கவும் செய்தான். வாரியங்களின் கூட்டமைப்பு 'மிக அழகிய கோப்புப் பட்டியல்' என்று அவர்கள் வாரியத்துக்குப் பரிசு அறிவிக்கும்வரை பார்த்தான். பரிசு வந்ததும் விழா. மேடையின் பின்னால் வைக்க ஆள் உயரத் துளி ஒன்று வேண்டும், அதன் உதட்டுக்கு இளஞ்சிவப்பா ஆரஞ்சா என்று கமிட்டி அவனை அச்சகத்துக்கும் வாரியத்துக்குமாக அலையவிட்டது. அந்த வாரம் முழுக்க அவன் உள்ளே போய்ப் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து அக்காதான் போன் செய்தாள். அவன் ஓடிப் போனபோது குட்டி கையில் ஊசியோடு சுருண்டு கிடந்தாள், உதடு காய்ந்து வெடித்திருந்தது. அவளைப் போலவே மில் தெருக் குழந்தைகள் அந்த வார்டில் வரிசையாக இருந்தார்கள். தண்ணீர் கொதிக்கவைத்துக் கொடுக்கவில்லையா என்று நர்ஸ் கேட்டாள். அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"நான் ஒண்ணும் விவரம் தெரியாதவ இல்ல. தெனமும் பாத்துட்டுத்தான் குடுக்கறேன்" என்று போனை நீட்டினாள். "மில் தெரு, குடிக்கலாம். போட்டிருக்கு பாருங்க. இத நடத்தறதே என் தம்பிதான். இதோ நிக்கறான், கேளுங்க."

நர்ஸ் அவனைப் பார்த்தாள். அவன் ஜன்னலைப் பார்த்தான். கொஞ்ச நேரம் கழித்து ஆபீஸில் வேலை என்று சொல்லிவிட்டு வந்து சர்வருக்குள் போய்ப் பார்த்தான். 'மில் தெரு - குடிக்கக் கூடாது' என்று கிடந்தது. ஆய்வகத்து அம்மா தவறாமல் போட்டிருந்தார். குழந்தை படுப்பதற்கு நான்கு நாள் முந்தைய தேதி. மேஜையில் தலையை வைத்துக்கொண்டு அழுதான். யாரோ வந்து, அழுவதை அப்புறம் வைத்துக்கொள், துளியின் உதடு மேடையில் சரியாக ஒட்டவில்லை என்று கூப்பிட்டார்கள்.

குட்டி பிழைத்துக்கொண்டாள். விழா நாளன்று வெளிறிய முகத்தோடு, தாய்மாமனுக்குப் பரிசு கொடுக்கிறார்கள் என்று புதுச் சட்டை போட்டுக்கொண்டு அம்மாவின் மடியில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். மண்டபம் நிரம்பியிருந்தது. தலைவர் பேசினார். தண்ணீரைத் தருவது யாராலும் முடியும், அதன் பட்டியலை இப்படித் தருவதற்குத்தான் தொலைநோக்கு வேண்டும் என்றார். தான் பதவிக்கு வந்தபோது எத்தனையோ தெருக்களில் தண்ணீர் மோசமாக இருந்ததாகவும், இன்று பட்டியலில் ஒன்றுகூட அப்படி இல்லை என்றும் சொன்னபோது அவர் குரல் தழுதழுத்தது. அவர் பொய் சொல்லவில்லை. அவரும் பட்டியலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு கம்ப்யூட்டரை மேடைக்குக் கூப்பிட்டுப் பட்டியலைத் திரையில் காட்டச் சொன்னார்கள்.

அன்று காலையில் அவன் அந்த இரண்டு வரிகளையும் அழித்திருந்தான். தேதிப் பத்தியைத் திரும்ப வைத்திருந்தான். தலைவரின் செய்தியைச் சுருட்டி அடியில் தள்ளியிருந்தான். பட்டனை அழுத்தினான்.

ஸ்டேஷன் தெரு, குடிக்கக் கூடாது. சந்தைத் தெரு, குடிக்கக் கூடாது. அரசுப் பள்ளி வளாகம், குடிக்கக் கூடாது. அதிகாரிகள் குடியிருப்பு, குடிக்கக் கூடாது. ஒவ்வொன்றின் முன்னாலும் துளி உதட்டோடு சிரித்தது. முதலில் சிலர் கைதட்டினார்கள், பழக்கம். அப்புறம் மண்டபத்தில் தண்ணீர் பாட்டில்களைக் கீழே வைக்கும் சத்தம் வரிசை வரிசையாகக் கேட்டது. தலைவர் கையில் தம்ளர் இருந்தது. அதைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், தம்ளரைச் சட்ட அதிகாரியின் பக்கம் நகர்த்தினார்.

"பொதுமக்கள் பதற வேண்டாம்" என்றார் மைக்கில். "இது தண்ணியோட குறை இல்ல. பட்டியல்ல ஏற்பட்ட கோளாறு. உடனே சரி பண்ணிடுவோம்."

அதற்குள் ஜனங்கள் எழுந்து மேடையை நோக்கி வர ஆரம்பித்திருந்தார்கள். கம்ப்யூட்டருக்கு நெஞ்சு லேசானது போல இருந்தது, தன்னைப் பற்றி ஒரு நல்ல எண்ணம்கூட வந்தது. அக்காவைத் தேடினான். அவள் எழுந்திருக்கவில்லை. திரையில் 'மில் தெரு - குடிக்கக் கூடாது' என்பதற்கு நேரே இருந்த தேதியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விரல் விட்டு எண்ணினாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவன் அருகே போனபோது அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"சொட்டு நீ போட்டதான்னு நான் கேட்டேனே, அன்னிக்கே உனக்குத் தெரியுமா?"

"தெரியும்க்கா."

அவள் மகளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள். குட்டி தோளுக்கு மேலே திரும்பி அவனுக்குக் கையசைத்தாள்.

வாரியத்தில் அவனுக்கு ஒரு குறிப்பாணை வந்தது. கமிட்டியின் அனுமதி இல்லாமல் தேதிப் பத்தியை வைத்த குற்றம். ஊர் கொதித்துப் போயிருந்ததால் மறைத்ததைத் திரும்ப மறைக்கத் துணியவில்லை. துளியை மட்டும் வைத்துக்கொண்டார்கள், அது பரிசு வாங்கியதாயிற்றே. மறைத்தது யார் என்று விசாரிக்க ஒரு குழு அமைத்தார்கள். அதன் தலைவர் தலைவரேதான். மில் தெருவில் குழாயைத் தோண்டி மாற்றினார்கள்; ஆய்வகத்து அம்மா சோதித்துவிட்டு 'குடிக்கலாம்' என்று போட்டார்.

அதைச் சாக்காக வைத்துக்கொண்டு, பல நாள் கழித்து, அவன் அக்கா வீட்டுக்குப் போனான். அவள் வா என்றாள், உட்கார் என்றாள். கடையில் வேலை எப்படி என்று கேட்டான், நடக்கிறது என்றாள். மாமா கடிதம் போட்டாரா என்று கேட்டான், போட்டார் என்றாள். வெயிலில் வந்திருந்தான், தாகமாக இருந்தது. உள்ளே போய் ஒரு தம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். தம்ளரைத் தொட்டதும் விரல் சுட்டது.

மில் தெருவுக்கு இப்போது குடிக்கலாம் என்று வந்திருக்கிறதே, பார்க்கவில்லையா என்று கேட்க நாக்கு வரை வந்துவிட்டது.

"பயப்படாம குடி" என்றாள் அக்கா. "கொதிக்க வச்சதுதான்."

அவன் ஊதி ஊதிக் குடித்தான்.